வரத்துக்கால் முதலில்: ஊரணியைத் தூர்வார உங்கள் பங்கைக் கேட்கிறோம்

அன்புடையீர்,

வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டது. ஊரணியில் தண்ணீர் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பார்க்க நன்றாக இல்லைதான், ஆனால் தூர்வார இதைவிட்டால் நாள் கிடையாது. நம் சிவகங்கைச் சீமைக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். அதற்கு முன்பே ஆடி, ஆவணியில் இரண்டு இடிமழை விழுந்து அடிமண் சேறாகிவிட்டால் பொக்லைன் உள்ளே இறங்காது. அதனால் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்து, ஆடி பிறப்பதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். மொத்த மதிப்பீடு 6,40,000 ரூபாய். அதில் பாதியை, அதாவது 3,20,000 ரூபாயை, நாம் திரட்ட வேண்டும். அதற்காகத்தான் இந்த வேண்டுகோள்.

மற்ற பாதிக்கு 'நமக்கு நாமே' திட்டத்தில் பேரூராட்சியிடம் மனு கொடுத்திருக்கிறோம். 1997 வாக்கில் வந்த திட்டம், இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் பழைய பெயருக்கே திரும்பியிருக்கிறது. பெயர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும். மக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒன்று. நாங்கள் பாதிக்குப் போவதற்குக் காரணம் உண்டு. பாதிப் பணம் நம்முடையதாக இருந்தால், வேலையை யார் செய்வது, எப்படிச் செய்வது என்பதில் நம் பேச்சும் எடுபடும். அப்புறம், நம் பங்கைக் கட்டினால்தான் கோப்பே நகரும்.

இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்மாய் வயலுக்கு வெட்டியது, ஊரணி குடிக்க வெட்டியது. அதனால்தான் ஊரணிக்கு மட்டும் அத்தனை கட்டுப்பாடு இருந்தது. செருப்போடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு குளிப்பாட்டக் கூடாது. குழாயில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு அந்தக் கட்டுப்பாடுகளைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. முதலில் மாடு இறங்கியது, பிறகு கல்யாண மண்டபத்து இலைகள் வந்தன, பிறகு பாலித்தீன் வந்தது. குழாய்த் தண்ணீர் வந்ததில் யாருக்கும் வருத்தம் இல்லை. இடுப்பில் குடம் சுமந்த தலைமுறையிடம் கேட்டால் திட்டுவார்கள். ஆனால் ஊரணி வற்றினால் சுற்றியுள்ள கிணறும் போரும் வற்றும் என்பது இப்போதுதான் எல்லாருக்கும் புரிகிறது. மேலத்தெருவில் போர் எத்தனை அடிக்குப் போய்விட்டது என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

முளைப்பாரியைச் சொல்லாமல் விட முடியாது. ஊரணியில் கரைப்பதுதான் நம் வழக்கம். சில வருடங்களாக டேங்கர் லாரியை வரவழைத்து, ஒரு குழியில் தண்ணீர் நிரப்பி, அதில் கரைத்துவிட்டு வருகிறோம். இந்த வருடமும் அப்படித்தான். அடுத்த வருடம் லாரி வாடகை மிச்சமாக வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஊரணி என்றதும் ஆளுக்கொரு யோசனை வந்தது. சுற்றிலும் பேவர் பிளாக் பதித்து நடைபாதை போடலாம், உயரமான கம்பத்தில் விளக்குப் போடலாம், நுழைவாயிலில் வளைவு கட்டி நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் வெட்டலாம், கரை முழுவதும் கான்கிரீட் பூசலாம் என்றெல்லாம் சொன்னார்கள். எல்லாம் நல்ல மனதோடு சொன்னவைதான். குழு அவற்றில் எதையும் இந்த மதிப்பீட்டில் சேர்க்கவில்லை. தண்ணீர் வராத ஊரணியைச் சுற்றி விளக்குப் போட்டு என்ன செய்வது? அடியோடு கான்கிரீட் பூசினால் பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்று போகாது. நடைபாதை இன்னொரு வருடம் வரட்டும்.

முதல் வேலை வரத்துக்கால், அதாவது ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய். ஊரணிக்குள் மட்டும் எவ்வளவு ஆழம் தோண்டினாலும், தண்ணீர் வந்து சேரும் வழி அடைபட்டிருந்தால் அது வெறும் பள்ளம்தான். நம் வரத்துக்கால் ஒன்றரை கிலோமீட்டர். பாதிக்கு மேல் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. சாலைக்கு அடியில் போகும் இரண்டு குழாய்ப் பாலங்களும் மண் மூடிக் கிடக்கின்றன. மழை பெய்யும்போது தண்ணீர் அந்த இடத்தில் திரும்பிப் பேருந்து நிலையத்துக்குள் போகிறதே, அது ஊரணிக்கு வர வேண்டிய தண்ணீர். கால்வாயைச் சுத்தம் செய்து கருவையை வேரோடு எடுக்க 1,40,000 ரூபாய், இரண்டு குழாய்ப் பாலங்களுக்கு 1,10,000 ரூபாய். வைகாசி பிறப்பதற்குள் நம் பங்கு முழுதாகச் சேராவிட்டால், சேர்ந்த பணத்தில், பேரூராட்சியின் அனுமதியோடு, இந்த இரண்டையாவது முடித்துவிடுவது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

கருவையைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நம் பேரூராட்சியிலேயே இருக்கின்றன. அவர்கள் தனியார் காட்டில் வெட்டுவதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. நீர்வழியில் நிற்பதை மட்டும்தான் சொல்கிறோம். அதை வெட்டினால் போதாது, வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும், வேரோடு பிடுங்க வேண்டும். மரத்தைப் பேரூராட்சியே ஏலம் விடும். ஏலத்தொகை குழுவின் கைக்கு வராது.

அடுத்தது தூர். ஊரணி மூன்று ஏக்கர், வண்டல் சராசரியாக மூன்றடி. ஒரு ஏக்கரில் ஓரடி மண் எடுத்தால் கூடுதலாக 12 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். மூன்று ஏக்கரில் மூன்றடி எடுத்தால் ஒரு கோடியே பத்து லட்சம் லிட்டர். இதற்குப் பொக்லைன் சுமார் 190 மணி நேரம் ஓட வேண்டும். மூன்று பேரிடம் விலை கேட்டு, மணிக்கு 1,600 ரூபாய் என்று பேசியிருக்கிறோம், ஆக 3,04,000 ரூபாய். அரசும் பாதி போடுவதால், நீங்கள் கொடுக்கும் 800 ரூபாயில் வண்டி ஒரு மணி நேரம் ஓடும். அந்த ஒரு மணி நேரத்தில் எடுக்கும் மண்ணின் இடத்தில் கிட்டத்தட்ட 60,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். மீதி 86,000 ரூபாய், இடிந்த படித்துறைக்கும் மடைக்கும்.

அள்ளிய மண்ணை என்ன செய்வது என்பதுதான் எல்லா ஊரிலும் தகராறு. கரையிலேயே கொட்டினால் ஐப்பசி மழையில் திரும்ப உள்ளே வந்து சேரும். அதனால் வண்டல் முழுவதும் வயலுக்குப் போக வேண்டும். இதற்கு அரசு வழி வைத்திருக்கிறது. தாசில்தார் அனுமதியோடு விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுக்கலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. வீட்டுத் தேவைக்கு 30, மண்பாண்டம் செய்பவர்களுக்கு 60. டிராக்டருக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால் புஞ்சை ஏக்கருக்கு 30 லோடு. இந்த வண்டலை, அதாவது கரம்பையை, அடித்த செம்மண் காட்டில் ஈரம் எத்தனை நாள் கூடுதலாக நிற்கும் என்பதை விவசாயிகளுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் ஊரணியை அனுமதிப் பட்டியலில் சேர்க்கவும் மனு கொடுத்தாயிற்று. பட்டா நகலோடு இப்போதே பெயர் கொடுங்கள். அனுமதிச் சீட்டு இல்லாத வண்டி ஒன்றுகூட உள்ளே இறங்காது. குழுவினரின் வண்டியாக இருந்தாலும் இதுதான் விதி. செங்கல் சூளைக்கோ, பிளாட் நிரப்பவோ ஒரு லோடும் போகாது.

எவ்வளவு தோண்டுவது என்பதிலும் கண்டிப்பாக இருக்கிறோம். 'வண்டி வந்தது வந்தாயிற்று, இன்னும் பத்தடி போடுங்கள்' என்று சிலர் கேட்கிறார்கள். வண்டலுக்கு அடியில் இருக்கும் களிமண்தான் தண்ணீரைத் தாங்குகிறது. அதை உடைத்துச் சரளைக்குப் போய்விட்டால் மார்கழியிலேயே ஊரணி காலியாகிவிடும். இன்னொன்று பிள்ளைகளின் உயிர். செங்குத்தாக வெட்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. கரையிலிருந்து சரிவாகத்தான் வெட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகிறோம். வேலை நடக்கும் நாட்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறை. வண்டி நிற்கும் பக்கம் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

நம்மால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு, தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணியைச் சொல்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்த ஊர் அது. அடுத்த வருடமே ஊர் இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து, ஊராரிடமும் வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் பணம் திரட்டி, ஐநூறு ஏக்கருக்கு மேல் உள்ள பெரியகுளம் ஏரியைத் தூர்வாரத் தொடங்கினார்கள். நம்முடையது மூன்று ஏக்கர்.

இப்போது வசூல் முறை. கோயில் திருவிழா போல, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டுவிடலாமே என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். தலைக்கட்டுக் கணக்கில் தனியாக இருக்கும் பெண்கள் விட்டுப்போவார்கள், வாடகைக்கு வந்தவர்கள் விட்டுப்போவார்கள், சில தெருக்களே விட்டுப்போகும். ஊரணி எல்லாத் தெருவுக்கும் பொது, படித்துறையும் அப்படியே. அதனால் விருப்பம் உள்ளவர் விருப்பமான தொகையைக் கொடுக்கலாம். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. ரசீது வரிசைப்படி பெயரும் தொகையும் பேரூராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஞாயிறுதோறும் ஒட்டப்படும். தெருப் பெயர், பட்டம், கட்சி எதுவும் சேர்க்க மாட்டோம். பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு ரசீது எண் மட்டும்.

பேரூராட்சியில் ஏப்ரல் 1 முதல் புதிய அரையாண்டுச் சொத்துவரி தொடங்குகிறது. ஏப்ரல் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. அதற்கு மேல் இழுத்தடித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. இதை ஏன் இங்கே சொல்கிறோம் என்றால், பகுதி சபைக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, 'அந்த அஞ்சு பர்சென்ட் மிச்சத்தை ஊரணிக்குக் கொடுத்துடலாமே' என்றார். எங்களுக்குத் தோன்றாத யோசனை. வரி கட்டும் கவுண்டருக்குப் பக்கத்திலேயே இப்போது நம் ரசீது மேஜையைப் போட்டிருக்கிறோம்.

வங்கிக் கணக்கு குழுவின் பெயரில், தலைவர், பொருளாளர் இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும். கணக்கு எண்ணும் ஸ்கேன் செய்யும் அட்டையும் ரசீது மேஜையில் மட்டும்தான் இருக்கும். வாட்ஸப்பில் யாராவது தனி எண் அனுப்பி 'ஊரணிக்கு ஜீபே பண்ணுங்க' என்றால் அனுப்ப வேண்டாம். வீடு வீடாக வரும் குழுவினரிடம் பேரூராட்சி முத்திரையிட்ட ரசீதுப் புத்தகம் இருக்கும், அது இல்லாமல் வருபவரிடம் ரொக்கம் கொடுக்க வேண்டாம். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை எங்கள் ரசீதுக்குக் கிடையாது. அதை எதிர்பார்த்துக் கொடுப்பவர்கள் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு: துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தாராளமாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடம் நாங்கள் பெற முடியாது. அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும், அதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு நம்மிடம் இல்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். ஊருக்கு வரும்போது ஒரு நாள் மண்வெட்டியோடு வாருங்கள், அதற்குப் பதிவு தேவையில்லை.

பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. டிராக்டர் வைத்திருப்பவர்கள் நிலமில்லாத ஆளுக்கோ மண்பாண்டம் செய்பவருக்கோ இரண்டு லோடு இலவசமாக அடித்துக் கொடுக்கலாம். வண்டி ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் ஒரு நாள் சாப்பாடு ஏற்கலாம். மண் அள்ளுவதற்கு முன் ஊரணிக்குள் கிடக்கும் பாலித்தீனையும் பாட்டிலையும் பொறுக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அப்படியே நம் வயலுக்குப் போய்ச் சேரும். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து வரும் முதல் இரண்டு ஞாயிறுகளில், காலை 6 மணி முதல் 9 மணி வரை அந்த வேலை. கையுறை, சாக்கு, நீர்மோர் எங்கள் பொறுப்பு.

ரசீது மேஜை, பேரூராட்சி அலுவலக நாட்களில் காலை 10 முதல் 1 மணி வரையிலும், செவ்வாய், வெள்ளி மாலைகளில் மாரியம்மன் கோயில் மண்டபத்திலும் இருக்கும். மதிப்பீட்டின் முழு நகலும் அங்கேயே கிடைக்கும். எடுத்துப் படித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். சித்திரைக் கடைசி வரை நன்கொடை பெறுகிறோம்.

இப்படிக்கு,
ஊரணிக் குழுவினர்