'லோக்கல் அண்ட் இண்டிபெண்டன்ட்' பீர் அலமாரி குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் கடையின் 12 வருட வாடிக்கையாளர்,
லீட்ஸ், மேற்கு யார்க்‌ஷயர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

நாள்: 21 ஜூலை 2025

பொருள்: வெயிலில் வைத்துக் கெட்டுப்போன பீரை விற்றது, திருப்பி எடுக்க மறுத்தது, அலமாரியில் தவறான பலகை வைத்திருப்பது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஜூலை 12, சனிக்கிழமை மதியம், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் கிளையில் ஆறு டின் பீர் வாங்கினேன். நான்கு டின் எங்கள் ஊர்ச் சின்ன ப்ரூவரி (பீர் தயாரிக்கும் ஆலை) ஒன்றின் ஐபிஏ, அதாவது ஹாப்ஸ் வாசம் தூக்கலாக இருக்கும் பீர் வகை. 440 மில்லி டின், ஒன்று 3 பவுண்ட் 30 பென்ஸ். மற்ற இரண்டும் வேறொரு பெயரில் வரும் பேல் ஏல் வகை பீர், ஒன்று 2 பவுண்ட் 75 பென்ஸ். மொத்தம் 18 பவுண்ட் 70 பென்ஸ். ஆறையும் எடுத்தது ஒரே அலமாரியிலிருந்துதான். அதன் மேலே 'லோக்கல் அண்ட் இண்டிபெண்டன்ட் ப்ரூவரிகள்' என்று பெரிய எழுத்தில் பலகை தொங்குகிறது.

அந்த வாரம் வெயில் எப்படி அடித்தது என்று உங்களுக்கே தெரியும். அந்த அலமாரி கடையின் முன்பக்கக் கண்ணாடிச் சுவரை ஒட்டி, பார்பெக்யூ கரி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. டின்னைக் கையில் எடுத்தபோதே வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். வீட்டில் விருந்தாளி காத்திருந்தார், அதனால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சென்னையிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். இரண்டு வாரமாக அவரிடம் இந்த ஐபிஏவைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். டின்னைத் திறந்தால் மாம்பழத் தோல் வாசமும் நார்த்தங்காய் இலையைக் கசக்கினாற்போல ஒரு வாசமும் வரும், அத்தனையும் பீருக்கு வாசமும் கசப்பும் தரும் ஹாப்ஸ் பூவிலிருந்து வருவது, வேறு எதுவும் சேர்ப்பதில்லை என்றெல்லாம். மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டுத்தான் ஊற்றினேன். வாசமே வரவில்லை. வாயில் வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு ருசி, அதன் பின்னால் பாகு முற்றிப்போன மாதிரி ஒரு திகட்டல். நிறமும் ஒரு படி கறுத்திருந்தது. இரண்டாவது டின்னும் அப்படியே. அவர் மரியாதைக்காக அரை கிளாஸ் குடித்துவிட்டு, "இதுக்கா மாப்பிள்ளை இவ்வளவு சொன்னீங்க?" என்று கேட்டார்.

அவர் மனதில் பதிந்தது உங்கள் கடையின் பெயர் இல்லை. டின்னில் அச்சடித்திருந்த ப்ரூவரியின் பெயர். என் புகாரின் முக்கியமான விஷயமே அதுதான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மறுநாள் காலை பில்லோடும், திறக்காத இரண்டு டின்களோடும் உங்கள் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பணிவாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. டின்னின் அடியைப் பார்த்தார். பிப்ரவரி 6 அன்று அடைத்தது, நவம்பர் 6 வரை நல்லது என்று இருந்தது. "தேதி தாண்டவில்லை, அதனால் எடுக்க முடியாது" என்றார். உங்கள் வாடிக்கையாளர் எண்ணை அழைத்தேன். இருபது நிமிடம் காத்திருந்த பிறகு, "ருசி பற்றிய புகார் என்றால் தயாரித்தவர்களிடம் பேசுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

இது சரியில்லை. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்ற பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டிய பொறுப்பு விற்றவருடையது. என்னிடம் காசு வாங்கியது நீங்கள். ப்ரூவரிக்கும் எனக்கும் நடுவில் எந்த விற்பனையும் நடக்கவில்லை.

ஆனாலும் அன்று மதியம் அந்த ப்ரூவரியின் டேப்ரூமுக்கு, அதாவது அவர்களே தங்கள் பீரை ஊற்றித் தரும் கூடத்துக்குப் போனேன். ஒருவேளை அன்று ஒன்றாகக் காய்ச்சி அடைத்த அந்தத் தொகுதியே சரியில்லாமல் போயிருக்குமோ என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். நல்ல ப்ரூவரிகள் ஒவ்வொரு தொகுதியிலும் சில டின்களைக் குளிர் அறையில் எடுத்துவைத்திருப்பார்கள், பின்னால் புகார் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க. அதே பிப்ரவரி 6 தொகுதியில் ஒன்றை எடுத்துவந்து, நான் கொண்டுபோன டின்னோடு பக்கத்தில் வைத்துத் திறந்தார்கள். ஐந்து மாதம் ஆனதால் அவர்களுடைய டின்னிலும் வாசம் கொஞ்சம் அடங்கித்தான் இருந்தது. ஆனால் நார்த்தங்காய் வாசம் தெளிவாக வந்தது, அட்டைப்பெட்டி ருசி துளியும் இல்லை. ஒரே நாளில், ஒரே தொட்டியிலிருந்து வந்த பீர். ஒன்று குளிரில் இருந்தது, இன்னொன்று உங்களிடம் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அங்கே இருந்தவர் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, புதிதாக அடைத்த நான்கு டின்களை எடுத்துக் கையில் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். உங்கள் கடையில் நடந்த தவறுக்கு அவர் தன் கைக்காசைப் போட்டு ஈடு செய்தார். எனக்கு அது மிகவும் வலித்தது. இந்தக் கடிதத்தில் அவர்கள் பெயரை எழுதாததற்கும் அதுவே காரணம். உங்கள் ஆர்டரை நம்பி இருக்கிறவர்களுக்கு என் புகாரால் ஒரு தொல்லை வந்துவிடக்கூடாது.

உங்கள் கொள்முதல் பிரிவுக்கு இது தெரியாத விஷயமாக இருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். பெரிய ஆலைகளின் லாகர் வகை பீர் பெரும்பாலும் பாஸ்சரைஸ் செய்து (சூடாக்கி நுண்ணுயிர்களை அழித்து), நன்றாக வடிகட்டி வருவது. ஹாப்ஸ் வாசத்தைப் பெரிதாக நம்பியும் இல்லை. அதனால் சாதாரண அலமாரியில் மாதக்கணக்கில் தாங்கும். சின்ன ப்ரூவரிகளின் ஐபிஏ பெரும்பாலும் பாஸ்சரைஸ் செய்யாதது, அதன் உயிரே ஹாப்ஸ் எண்ணெயின் வாசம்தான். டின்னுக்குள் மிஞ்சியிருக்கும் துளி ஆக்சிஜன் போதும், சூடு ஏற ஏற அந்த வாசத்தைத் தின்றுவிடும். பீர் தொழிலில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள். மூன்றிலும் பீர் ஒரே அளவு பழசாகிறது என்று அர்த்தம். ஊரில் எங்கள் அம்மா காபிப் பொடியை வாரத்துக்கு ஒரு தடவைதான் அரைத்து வாங்குவார். டப்பாவை அடுப்புப் பக்கம் வைத்தால் திட்டுவார். அதே விஷயம்தான் இதுவும்.

அப்படியிருக்க, உங்கள் கிளையில் பீருக்கென்று இரண்டு கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ்கள் இருக்கின்றன. இரண்டிலும் மேலிருந்து கீழ்வரை பன்னாட்டு நிறுவனங்களின் லாகர். குளிர் இல்லாமலும் தாங்கக்கூடியது ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது, குளிர் கட்டாயம் வேண்டியது வெயிலில் நிற்கிறது.

அப்புறம் அந்தப் பலகை.

இந்த நாட்டில் 'கிராஃப்ட்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை கிடையாது. நீங்கள் அந்தச் சொல்லை மட்டும் எழுதியிருந்தால் நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது 'இண்டிபெண்டன்ட்'. அதாவது எந்தப் பெரிய கம்பெனிக்கும் சொந்தமில்லாத, சொந்தக் காலில் நிற்கிற ப்ரூவரி. அந்த அர்த்தத்தில்தான் நான் அந்த இரண்டு பேல் ஏல் டின்களை எடுத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பன்னாட்டு பீர் நிறுவனம் இருப்பது தெரிந்தது. டின்னில் அது எங்கேயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தபோது அலமாரியை நிதானமாக எண்ணினேன். பலகையின் கீழே இருந்தவை எட்டு வரிசைகள். அதில் மூன்று, பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தமான பெயர்கள். அந்த மூன்றும்தான் கண் மட்டத்தில் இருந்தன. எங்கள் ஊர் ப்ரூவரியின் டின்கள் கீழ்த் தட்டில், கண்ணாடிப் பக்கம்.

யார் யாருக்குச் சொந்தம் என்பது ஒளிவுமறைவான செய்தி இல்லை. லண்டன் கிரீனிச்சின் மீன்டைம் ப்ரூவரியை 2015இல் எஸ்ஏபி மில்லர் என்ற பன்னாட்டு பீர் நிறுவனம் வாங்கியது, அடுத்த வருடமே அது ஜப்பானின் அசாஹி கைக்குப் போனது. அதே 2015இல் கேம்டன் டவுன் ப்ரூவரியை ஏபி இன்பெவ் என்ற இன்னொரு பன்னாட்டு நிறுவனம் வாங்கியது. பீவர்டவுன் ப்ரூவரியில் 2018இல் ஹைனகன் ஒரு பங்கை வாங்கியது, 2022இல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. எல்லாம் பத்திரிகைகளில் வந்தவை. அவர்கள் விற்றது தப்பு என்று நான் சொல்லவில்லை. பல வருட உழைப்புக்கு அவர்கள் விலை பெற்றார்கள், அது அவர்கள் உரிமை. நான் சொல்வது பலகையைப் பற்றி மட்டும். சிறு ப்ரூவரிகளின் சங்கமான சிபா 2016இலிருந்தே, உண்மையிலேயே சுயேச்சையாக இருக்கும் ப்ரூவரிகளுக்கு ஒரு முத்திரை கொடுத்து வருகிறது. உங்கள் ஆட்கள் அதைப் பார்த்தே வரிசையை அடுக்கலாம். வாங்குகிறவர் முடிவையே மாற்றக்கூடிய ஒரு விவரத்தைத் தவறாகச் சொல்லி விற்பது சட்டப்படியும் குற்றம். இந்த ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டமும் அதையேதான் சொல்கிறது.

சின்ன ப்ரூவரிகள் சூப்பர்மார்க்கெட்டுக்குள் வருவதையே எதிர்க்கிறவர்கள் உண்டு. விலை இறங்கிவிடும், தெருமுனை பாட்டில் கடைகள் அடிபடும் என்பார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் அந்தக் கட்சி இல்லை. 2020 மார்ச் 20 அன்று கொரோனாவால் பப்கள் எல்லாம் மூடப்பட்டபோது, பப்பை மட்டும் நம்பியிருந்த ப்ரூவரிகள் நிரப்பிவைத்த பீப்பாய்களைச் சாக்கடையில் கொட்ட வேண்டியதாயிற்று. டின்னில் அடைத்து வீட்டுக்கு அனுப்ப முடிந்தவர்களும், கடை அலமாரியில் இடம் இருந்தவர்களும்தான் மூச்சுவிட்டார்கள். உங்கள் கிளையில் எங்கள் ஊர் ப்ரூவரியின் டின்னை முதன்முதலில் பார்த்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பாட்டில் கடை பக்கமே போகாத என் பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் பிறகுதான் அதை வாங்கிக் குடித்தார். உங்கள் அலமாரியால் அவர்களுக்கு நடந்த நல்லது அது. அதே அலமாரியால் என் மைத்துனர் இனி அந்தப் பெயரைத் தொட மாட்டார்.

நான் கேட்பது இவ்வளவுதான். 18 பவுண்ட் 70 பென்ஸையும் திருப்பித் தாருங்கள். அந்தப் பணத்தை ப்ரூவரியின் கணக்கில் கழித்துவிடாதீர்கள். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளுக்கான சப்ளை விதிமுறையின்படி, தங்கள் தவறில்லாத வாடிக்கையாளர் புகாருக்குச் சப்ளையரிடம் பணம் கேட்கக்கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் எனக்குக் கொடுத்த நான்கு டின்களின் விலையையும் நீங்கள் அவர்களுக்குக் கொடுத்தால் அது முறையாக இருக்கும்.

அலமாரியைக் கண்ணாடிச் சுவரிலிருந்து இந்த வாரமே நகர்த்துங்கள். இரண்டு ஃபிரிட்ஜில் ஒரு தட்டையாவது ஐபிஏக்களுக்கு ஒதுக்குங்கள். ஒரு தட்டு போதும், நான்கு ப்ரூவரிகளின் டின்கள் அதில் நிற்கும். பலகைக்குக் கீழே இண்டிபெண்டன்ட் ப்ரூவரிகளை மட்டும் வையுங்கள், இல்லையென்றால் பலகையை மாற்றுங்கள். பீர் கெட்டிருந்தால் தேதி தாண்டாவிட்டாலும் திருப்பி எடுக்கலாம் என்று கவுண்டரில் இருப்பவர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு எடுத்துக்கொள்ள மனம் இருந்தது, அதிகாரம்தான் இல்லை.

பதினான்கு நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் பலகை விஷயத்தை மேற்கு யார்க்‌ஷயர் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அலுவலகத்திடம் எடுத்துச்செல்வேன்.

பில், அலமாரி, பலகை, டின் அடியில் இருந்த தேதி ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். திறக்காத ஒரு டின் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் ஆள் அனுப்பினால் கொடுக்கிறேன். தயவுசெய்து, கொண்டுபோகும் வழியிலாவது அதைக் குளிரில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சோதனையிலும் குற்றம் அந்த ப்ரூவரி மேல்தான் விழும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
லீட்ஸ்.