நெறி இருக்கட்டும், ஸ்டூல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நெறி தவறாத நிர்வாகம் பற்றி நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு ஜவுளிக்கடை அதிபர், "சட்டத்துக்குப் பயந்து நாங்கள் எதுவும் செய்வதில்லை. எங்கள் நெறி சட்டத்துக்கும் மேலே" என்கிறார். நீங்களும் அதைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். முதல் பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். சட்டத்துக்குப் பயந்து அவர்கள் எதுவும் செய்வதில்லைதான்.

அவர் கடையில் நான் வேலை பார்த்ததில்லை. மதுரையில் வேறொரு பெரிய கடையில், பட்டுப்புடவை செக்‌ஷனில் நின்றவள். ஆனால் உங்கள் படத்தைப் பார்த்தால் போதும். நிருபர் தம்பி சோபாவில் உட்கார்ந்து பேட்டி எடுக்கிறார். பின்னால் நான்கு பெண்கள் கைகட்டி நிற்கிறார்கள். கடையில் வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. அவர்களுக்குப் பின்னாலும் ஸ்டூல் எதுவும் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்தில் 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, 22-அ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். கடை ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைத்தால் உட்காரலாம், அவ்வளவுதான். சம்பளத்தைக் கூட்டச் சொல்லவில்லை. கேரளத்தில் 2018-லேயே இது வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடி வாங்கினார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லாமலே கிடைத்தது. அதனாலோ என்னவோ, கடை வாசலோடு நின்றுவிட்டது.

எங்கள் தளத்துக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. செக்‌ஷனுக்கு ஒன்று. போட்டோ எடுத்தார்கள். ஆடித் தள்ளுபடி வந்ததும் கூட்டத்துக்கு இடைஞ்சல் என்று எடுத்துவிட்டார்கள். அப்புறம் ஒன்றின்மேல் தண்ணீர்க் கேன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நாங்கள் சற்றே அலமாரியில் சாய்ந்தால்கூட, "பட்டு செக்‌ஷன், மூன்றாவது கவுன்டர்" என்று மைக்கில் குரல் வரும். வேறெதுவும் சொல்ல மாட்டார்கள். கேமராவில் பார்த்துவிட்டார்கள், மாசக் கடைசியில் பிடித்தம் இருக்கிறது என்று நாங்களே புரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே ஒரு சூப்பர்வைசர் அண்ணன் இருந்தார். தலைமைப் பண்பு வகுப்புக்கெல்லாம் போனவரில்லை. யாருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, யாருக்கு வயிற்று வலி என்று கேட்காமலே தெரியும். "உள்ளே போய் ஸ்டாக் எண்ணிட்டு வாம்மா" என்பார். உள்ளே எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. வேட்டிக் கட்டின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம். பிறகு அந்த அறையிலும் கேமரா வைத்தார்கள். மேலே கூப்பிட்டுக் கேட்டபோது, "நான்தான் அனுப்பினேன்" என்றாராம். யார் யாரை என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. மறுவாரமே குடோனுக்கு மாற்றினார்கள், இன்சென்டிவும் போயிற்று. கையிலிருந்து காசு போனாலும் பரவாயில்லை என்று ஒரு ஆள் நியாயமாக நடந்ததை நான் அங்கே அவரிடம்தான் பார்த்தேன். உங்கள் நான்கு பக்கத்தில் அவருக்கு இடம் கேட்க மாட்டேன். படத்துக்குப் போட்டுக்கொள்ள அவரிடம் கோட்டு இல்லை.

தீபாவளிக்கு ஊழியர்களுக்குப் புடவை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறாராம் அதிபர். நல்லது, எங்களுக்கும் கொடுத்தார்கள். ஆனால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அதே பழைய சட்டத்தில்தான் இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் அதற்கு மேல் நின்ற நேரத்துக்கெல்லாம் கணக்குப் போட்டால், அந்தப் புடவைக்கு நாங்களே விலை கொடுத்திருப்போம், மேட்சிங் ரவிக்கையோடு.

பாலியல் தொல்லை பற்றிப் பெண்கள் சொல்வதற்கான புகார்க் குழுவும் எங்கள் கடையில் இருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கட்டாயம் வேண்டும் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டதே, இல்லாமலா? குழுவின் தலைவி முதலாளி வீட்டு மருமகள். பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்த இடம் முதலாளி அறை வராந்தா. கூப்பிட்டால் தவிர நாங்கள் அங்கே போகக் கூடாது.

இதையெல்லாம் ஒரு மகளிர் தினச் சிறப்பிதழுக்கு விரிவாக எழுதி அனுப்பினேன். "சிறப்பிதழ் அருமை" என்ற என் முதல் வரியை மட்டும் போட்டு, மற்றதையெல்லாம் வெட்டிவிட்டீர்கள். பின்னட்டையில் யார் விளம்பரம் இருந்தது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பத்திரிகை நடத்தச் செலவாகும், புரிகிறது. விளம்பரம் வாங்குங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? விளம்பரம் கொடுப்பவருக்கே நெறிச் சான்றிதழும் சேர்த்துக் கொடுப்பதுதான் தாங்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தங்கம் விலை போடும் பக்கத்தில் ஓரமாக, 22-அ பிரிவில் என்ன இருக்கிறது, அந்தந்த ஊர் தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு எப்படி மனு எழுதுவது என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். நிருபர் தம்பி அடுத்த கடைக்குப் போகும்போது கவுன்டருக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். அப்புறம், போன வருஷம் என் வற்றல்குழம்புக் குறிப்புக்கு அறிவித்த பரிசுக் கூப்பன் இன்னும் வரவில்லை. ஜவுளிக்கடைக் கூப்பன் என்றால் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டு செக்‌ஷன் முன்னாள் விற்பனையாளர்,
மதுரை.