பக்கத்தில் வரப்போகும் கடை பற்றி: பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன சனிக்கிழமையிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். ஆமாம், நாம் தமிழ் வகுப்பு நடத்தும் கூடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி, டயர் கடை இருந்த இடத்தில், மருத்துவக் கஞ்சா விற்கும் டிஸ்பென்சரி திறக்க நகராட்சியிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். கூடத்தின் சொந்தக்காரர் தனக்கு வந்த அஞ்சலட்டையைக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரியும். நமக்கு ஏன் வரவில்லை என்று பலர் கோபமாகக் கேட்டிருந்தீர்கள். கலிபோர்னியா சட்டப்படி 300 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்குத்தான் தபாலில் சொல்லியாக வேண்டும், நாமோ சனிக்கிழமை மூன்று மணி நேரம் வாடகைக்கு இருப்பவர்கள்.

அப்புறம், "பள்ளிக்கூடத்திலிருந்து 600 அடிக்குள் வரக்கூடாதே சார்?" என்ற கேள்வி. மாநில விதி அப்படித்தான், நகராட்சி வேறு தூரம் வைக்காதவரை. ஆனால் அந்த விதியில் வரும் பள்ளி என்பது மழலையர் வகுப்பு முதல் 12 வரை நடத்தும் பள்ளி. அதோடு குழந்தைக் காப்பகமும் இளைஞர் மையமும் உண்டு. வார இறுதியில் வாடகைக் கூடத்தில் மொழி சொல்லிக்கொடுக்கும் நம்மை அது பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. உள்ளே நம் பிள்ளைகள் உட்கார்ந்து 'ழ' எழுதப் பழகிக்கொண்டிருந்தாலும் நகராட்சியின் வரைபடத்தில் அது வெறும் கூடம். எனக்கு இதில்தான் வருத்தம், கடை வருவதில்கூட இல்லை.

இதை மாற்றக்கூடிய இடம் நகர மன்றம். 1996இல் வாக்கெடுப்பில் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த மாநிலம் இது. ஆனாலும் கடையை எங்கே வைக்கலாம், வைக்கவே கூடாதா என்பதை ஊர்தான் முடிவு செய்யலாம் என்று ரிவர்சைட் நகர வழக்கில் 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடையே வேண்டாம் என்று வைத்திருக்கும் ஊர்கள் நிறைய. அப்படித் தடுத்தாலும் நோயாளியின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதை 2024 முதல் எந்த ஊரும் தடுக்க முடியாது.

கடை வரக்கூடாது என்று குழுவில் சுற்றும் மனுவில் பள்ளியின் பெயரில் நான் கையெழுத்துப் போடவில்லை. காரணம் சொல்கிறேன். நம் ஆசிரியை ஒருவர், இதை எழுதச் சம்மதித்தார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த மாதங்களில் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை அவருக்கு. மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தோடு நாற்பது நிமிடம் வண்டி ஓட்டிப் போய் வாங்கி வந்த கஞ்சா மருந்தை நாக்கின் அடியில் சில சொட்டு விட்டுக்கொண்டு, அரை மணி நேரம் கழித்து ஒரு கிண்ணம் ரசம் சாதம் சாப்பிட்டாராம். மூன்று நாளில் முதல் சாப்பாடு அது. அவர் உட்கார்ந்து பாடம் நடத்தும் பள்ளியின் பெயரில் "போதைக் கடை" என்று எழுதிய தாளில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

அதனால் வரும் செவ்வாய் மாலை 7 மணிக்கு நகர மன்றக் கூட்டத்துக்கு வாருங்கள். ஒழிக என்று கத்த வேண்டாம், என்ன நிபந்தனை வேண்டும் என்று சொல்வோம். பிள்ளைகள் வாரம் தவறாமல் கூடும் இடங்களையும் தூரக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்குள் இந்தக் கடைக்கு அனுமதி கொடுத்தே ஆக வேண்டுமென்றால், சனிக்கிழமை நம் வகுப்பு முடிந்த பிறகு திறக்கட்டும், நம் வாசலைப் பார்த்த மாதிரி பெயர்ப்பலகை வேண்டாம், வாசலில் காவலர் இருக்கட்டும். குடியுரிமை இல்லாதவர்களும் பேசலாம், அதில் தயக்கம் வேண்டாம்.

தயங்க வேண்டிய இடம் வேறு. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசின் சட்டத்தில் கஞ்சாவுக்குத் தடை இருக்கிறது. மாநிலச் சட்டப்படி பயன்படுத்தியிருந்தாலும், அந்தக் கடையில் வேலை பார்த்திருந்தாலும், குடியுரிமை விண்ணப்பத்துக்கு அது தடையாகலாம் என்று குடிவரவுத் துறை 2019இல் தெளிவாக அறிவித்தது. மருந்தாகத் தேவைப்படுகிறவர்கள் முதலில் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். ஊருக்குப் போகும் பெட்டியில் ஒரு பாட்டில்கூட வைக்காதீர்கள்.

இன்னொன்று. இந்தப் பொருள் ஜெல்லி மிட்டாய் வடிவிலும் வருகிறது, சின்னப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. பொட்டலத்தில் முக்கோணத்துக்குள் ஒரு இலையும் ஆச்சரியக்குறியும் இருக்கும். அந்தப் படத்தைப் பிள்ளைகளிடம் காட்டி, கீழே கிடந்தால் தொடாமல் பெரியவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். தெரியாமல் தின்றுவிட்டால் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 1-800-222-1222 என்ற விஷ முறிவு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறினாலோ எழுப்பி எழவில்லை என்றாலோ 911.

செவ்வாய்க்கிழமை என் வண்டியில் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. ஆறே காலுக்குக் கூடத்தின் பார்க்கிங்கில் நிற்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்