2000 வாட் கீசரில் குறைந்த திறனுள்ள எலிமென்ட் பொருத்தப்பட்டிருப்பது குறித்த புகார்

அனுப்புநர்:
கீசர் வாங்கிய வாடிக்கையாளர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

தங்கள் நிறுவனத்தின் 15 லிட்டர் கீசர் ஒன்றைக் கடந்த மாதம் வாங்கி என் வீட்டுக் குளியலறையில் பொருத்தினேன். அதன் அடிப்பகுதியில் ஒட்டியுள்ள தகட்டில் 230 வோல்ட், 2000 வாட் என்று அச்சிடப்பட்டுள்ளது. ஆனால் முதல் நாளிலிருந்தே தண்ணீர் சூடேறத் தாமதமாகிறது. குன்னூர்க் குளிரில் என் வயதான தந்தை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் காத்து நிற்பதைத் தினமும் பார்த்த பிறகுதான் தங்கள் சேவை மையத்தில் புகார் பதிந்தேன்.

முதலில் வந்த பணியாளர் சுவிட்ச் போர்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்து, "உங்கள் பகுதியில் வோல்டேஜ் குறைவு" என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார். டெஸ்டர் கரன்ட் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே காட்டும். எத்தனை வோல்ட் என்று காட்டாது. பதினெட்டு ஆண்டுகளாக வயரிங் வேலை செய்பவன் என்பதால், கீசரின் மூடியையோ சீலையோ தொடாமல் நானே அளந்து பார்த்தேன்.

கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டர் 228 வோல்ட் காட்டியது. பேஸ் வயரை மட்டும் தனியே பிரித்துக் கிளாம்ப் மீட்டருக்குள் விட்டபோது மின்னோட்டம் 6.5 ஆம்பியர். 228-ஐ 6.5-ஆல் பெருக்கினால் 1482 வாட். மின்விசிறி, மோட்டார் போன்றவற்றுக்குப் பவர் ஃபேக்டரையும் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் விடையில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று காட்டும் விகிதம்) சேர்த்துக் கணக்கிட வேண்டும். கீசரின் எலிமென்ட், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள், வெறும் மின்தடை என்பதால் இந்தப் பெருக்கல் விடையே அதன் உண்மையான திறன்.

அடுத்து, 228-ஐ 6.5-ஆல் வகுத்தால் மின்தடை சுமார் 35 ஓம் வருகிறது. பிளக்கைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டை முழுதாகத் திருப்பி வைத்து, பிளக்கின் இரு பின்களுக்கிடையே அளந்தபோதும் அதே 35 ஓம்தான். தகட்டில் உள்ளபடி 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் எலிமென்ட்டின் மின்தடை, 230-இன் வர்க்கமான 52,900-ஐ 2000-ஆல் வகுத்தால் கிடைக்கும் 26.45 ஓம் ஆக இருக்க வேண்டும். அதே 52,900-ஐ 1500-ஆல் வகுத்துப் பாருங்கள், 35.27 வரும். 2000 வாட் தகடு ஒட்டிய கீசருக்குள் 1500 வாட் எலிமென்ட் பொருத்தி அனுப்பியிருக்கிறீர்கள் என்பதே என் புகார்.

வோல்டேஜ் குறைவு என்ற பதில் இங்கே செல்லாது. உண்மையான 2000 வாட் எலிமென்ட் 1482 வாட்டுக்கு இறங்க வேண்டுமென்றால் மின்னழுத்தம் ஏறக்குறைய 198 வோல்ட்டாக விழுந்திருக்க வேண்டும். மேலும், வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் பிளக்கைக் கழற்றி அளந்த ஓம் மாறாது.

இரண்டாவதாக வந்த பணியாளரிடம் இந்த 35 ஓமைக் காட்டினேன். "ஓம் அதிகமானால் சூடும் அதிகம்தானே, நல்லதுதான்" என்றார். எனக்கு மிகவும் வருத்தம் தந்த பதில் இது. மின்னோட்டம் மாறாமல் இருக்கும் இடத்தில்தான் மின்தடை கூடக் கூட வெப்பமும் கூடும். வீட்டு இணைப்பில் நிலையாக இருப்பது மின்னழுத்தம். அங்கே ஓம் கூடினால் ஆம்பியர் குறையும், வாட்டும் குறையும். ஒரு கீசர் பழுதுபார்ப்பவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்காமல் வீடுகளுக்கு அனுப்புவது அவருடைய தவறு அன்று, தங்கள் பயிற்சியின் குறை.

என் மீட்டர்களை நம்ப வேண்டாம் என்றால், மின்வாரியம் பொருத்திய மீட்டரை நம்பலாம். அதில் ஒரு யூனிட்டுக்கு 3200 முறை சிவப்பு விளக்கு சிமிட்டும். பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்து, கீசரை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணினேன்: 79 முறை. அதே வோல்ட்டில் 2000 வாட் எலிமென்ட் இருந்தால் 105 வந்திருக்க வேண்டும். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த, வெப்ப இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 16 நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை 21 நிமிடம் ஆகிறது. மின்கட்டணம் ஏறிவிட்டது என்று நான் குற்றம் சாட்டவில்லை. அதே தண்ணீருக்கு ஏறக்குறைய அதே யூனிட்தான் ஆகும். 2000 வாட்டுக்குரிய விலையை வாங்கிக்கொண்டு அதைத் தராததே என் குறை.

உற்பத்தியில் சிறு வேறுபாடு வரும் என்பது எனக்குத் தெரியும். இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 302, இத்தகைய சூடேற்றும் சாதனங்களுக்குக் குறிப்பிட்ட திறனிலிருந்து 10 சதவீதம் வரை குறைவை அனுமதிக்கிறது. அதன்படி 1800 வாட் வரை நான் ஏற்றுக்கொள்வேன். 230 வோல்ட்டுக்கே கணக்கிட்டாலும் என் கீசர் 1508 வாட்டுக்கு மேல் தராது.

ஆகவே, 26.45 ஓம் அளவுள்ள சரியான எலிமென்ட்டை வாரண்டியின் கீழ்க் கட்டணமின்றி மாற்றித் தருமாறும், மாற்றிய பின் மின்தடையையும் மின்னோட்டத்தையும் என் முன்னிலையில் அளந்து பணிச்சீட்டில் எழுதித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். இதே தொகுதியில் விற்ற மற்றக் கீசர்களையும் சோதிக்க வேண்டும். மீட்டர் வைத்து அளக்கத் தெரியாத வீடுகளுக்கும் அவை போயிருக்கும். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இந்த அளவுகளுடன் முறையிடுவேன்.

இணைப்பு: விலை ரசீது நகல், தகட்டின் படம், மல்டிமீட்டர் மற்றும் கிளாம்ப் மீட்டர் அளவுகளின் படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்