ரொட்டி மட்டும்தானா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேக்கா உணவங்காடியில் காப்பி குடிக்கும்போது நண்பர் ஒருவர், "பசி வந்தால் புரட்சி வரும், அவ்வளவுதான்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 1789இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியையே பாருங்கள். பிரான்சில் 1788இல் விளைச்சல் பொய்த்ததும், மறு ஆண்டு ரொட்டி விலை ஏறியதும் உண்மை. ஆனால் அங்கே பஞ்சம் அதற்கு முன்பும் பலமுறை வந்ததுண்டு. அப்போதெல்லாம் முடியாட்சி கவிழவில்லை.

குருமார்களும் பிரபுக்களும் பல வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தார்கள். இந்த இரு வகுப்பிலும் சேராத பொதுமக்கள்தான் மூன்றாம் வகுப்பினர்; நூற்றுக்கு 97 பேருக்கு மேல். சுமை அவர்கள் தலையில். படித்துப் பொருள் சேர்த்து மேலே வந்தவர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. 1781இல் வந்த ஆணைப்படி, நான்கு தலைமுறைப் பிரபு வம்சத்தைக் காட்டினால்தான் நேரடியாகப் படை அதிகாரி ஆகலாம். (சாதிக் கணக்கை அறிந்த நமக்கு இது புதிதல்ல.) 1789 மே மாதம் வெர்சாயில் கூடிய மூன்று வகுப்புப் பிரதிநிதிகளின் சபையிலும், வகுப்புக்கு ஒரு வாக்கு என்ற பழைய முறை நீடித்தால் பெரும்பான்மை மக்களுக்குத் தோல்விதான். அதை எதிர்த்து அங்கே முன்னின்றவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும்தான்.

பசியோடு, சாத்திய கதவும் காரணம் என்பேன். இங்கே சிங்கப்பூரில் துப்புரவாளர்களுக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை வந்ததை மனமார வரவேற்கிறேன். ஆனால் அவர்கள் பிள்ளைக்கும், துணைப்பாடத்துக்கு மாதம் பல நூறு வெள்ளி செலவிடும் வீட்டுப் பிள்ளைக்கும் தேர்வு ஒன்றே. சம்பளத்தைப் பேசும் அளவுக்கு இதைப் பேசுகிறோமா? அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால்கூடப் போதும். கணிதம் சொல்லித்தர நான் தயார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தோ பாயோ