சுவருக்கு எத்தனை வண்ணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பதின்வயதினரை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்று, பாதி நாள் சமூக சேவை, மீதி நாள் மலையேற்றம் என்று நடத்தும் பயணங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சாகசத்தில் எனக்கு மனக்குறை இல்லை; கயிற்றை நம்பிப் பாறையில் ஏறிய பிள்ளைக்குத் துணிச்சல் வரும். உறுத்துவது சேவைதான்.

என் அண்ணன் மகள் அப்படிப் போய் ஒரு பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசினாள். பெயர்ந்த இடத்தைச் சுரண்டினால் உள்ளே பச்சை, அதற்கும் கீழே மஞ்சள், அடியில் நீலம். எல்லாம் முன்பு வந்த குழுக்களின் கைவரிசை! அதே பள்ளியின் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை.

1920-இல் சுவிட்சர்லாந்தின் அமைதிவாதி பியர் செரெசோல் பிரான்ஸின் வெர்டன் அருகே நடத்திய தொண்டு முகாமில், முதல் உலகப் போரில் தரைமட்டமான கிராமத்தை மீண்டும் கட்ட ஜெர்மானியரும் வந்தார்கள். அங்கே வேலை கண்முன் கிடந்தது. ஆட்களுக்காக வேலையை உண்டாக்கவில்லை.

அநாதை இல்லங்களுக்குக் கூட்டிப்போவது இன்னும் மோசம். கம்போடியாவில் அத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வருகிறவர்கள் தரும் பணத்துக்காகவே பிள்ளைகளைச் சேர்த்து வைத்த இல்லங்களும் உண்டு. ஒரு வாரம் கொஞ்சிவிட்டு விமானம் ஏறும் முகங்களை அந்தக் குழந்தைகள் எத்தனை முறை வழியனுப்புவார்கள்?

பணம் கட்டும் முன் பெற்றோர் ஏற்பாட்டாளரிடம் ஒன்று கேட்கட்டும்: இந்த வேலையைச் செய்யச் சொல்லி அந்த ஊரில் கேட்டது யார்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்