கால் அளவு எழுதி அனுப்பு

ராசாவுக்கு அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலாம்.

"எல்லாத்தையும் ஆர்மியே குடுக்குது, வண்ணாரப்பேட்டை வெயில்ல உக்காந்து எதுக்கும்மா கம்பளி பின்னுறீங்க?"ன்னு போன்ல கேட்டியே. நியாயம்தான்டா. சியாச்சின்ல நிக்கிறவங்களுக்குக் கோட்டுலேருந்து பூட்ஸ் வரைக்கும் தனியா தராங்கன்னு எனக்கும் தெரியும். நாங்க அதோட போட்டி போடல. பூட்ஸுக்குள்ள போடுற சாக்ஸ், ஹெல்மெட்டுக்கு அடியில மாட்டுற குல்லா, அவ்வளவுதான்.

1962 சீனச் சண்டையப்போ கதை வேற. மலையில நின்ன பசங்க நிறைய பேருக்குக் குளிர் தாங்குற துணியே இல்ல. நாடு பூரா பொம்பளைங்க ஸ்வெட்டர் பின்னி அனுப்பினாங்க. உங்க ஆயா அப்ப பாவாடை சட்டை போட்ட பொண்ணு, அவங்களும் பின்னினாங்க. அன்னிக்கு அது தேவை. இன்னிக்கும் தேவையான்னு நீதான் சொல்லணும், அதுக்குத்தான் இந்த லெட்டர்.

மாடி ஷெட்டுல சாயங்காலம் கூடுறோம். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டிதான் வாத்தியார். சௌகார்பேட்டை மார்வாடி அக்கா ரெண்டு பேர் வராங்க. ஊர்க்கதை பேசிக்கிட்டே பின்னுவாங்க, ஒரு கண்ணி தவறாது. எங்களுக்கோ வேர்வையில நூல் விரல்ல ஒட்டுது. பவுடர் பூசிக்கிட்டு உக்காருறோம், சிரிக்காத.

ஆன்ட்டி ரொம்பக் கறார். அக்ரிலிக் நூலைத் தொடவே விடமாட்டாங்க. தீ பட்டா அது உருகித் தோலோட ஒட்டிக்கும். சுத்தமான கம்பளி கருகுமே தவிர உருகாது. ஈரத்தை உள்ள இழுத்துக்கிட்டாலும் கம்பளியில கதகதப்பு போகாதாம். முதல் உலகப் போர்ல பதுங்குகுழித் தண்ணியில நின்னு நின்னே எத்தனையோ பேருக்குப் பாதம் அழுகிப்போச்சு. காய்ஞ்ச சாக்ஸ் மாத்துங்கன்னு ஆர்டரே போட்டாங்களாம். அதனால எங்களுக்கும் சாக்ஸ்லதான் கெடுபிடி அதிகம். விரல் நுனியில தையல் மேடு தெரிஞ்சா மொத்தத்தையும் பிரிக்கச் சொல்லிடுவாங்க. மேடு உரசிக் கொப்புளம் வந்தா நடக்குறது நீங்கதானே.

இதெல்லாம் சொன்னாலும் கேக்காத ஆளுங்க உண்டு. போன வாரம் ஒருத்தங்க ரோஸ் கலர்ல உச்சியில பந்து வெச்சு ஒரு குல்லா கொண்டாந்தாங்க. பாசம்தான், ஆனா பனியில அதை மாட்டிக்கிட்டு எவன் காவலுக்கு நிப்பான்? நான் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன், இப்ப பேசுறதில்ல. பரவால்ல.

நீ செய்ய வேண்டியது இதுதான். உன் கூட்டாளிங்க கால் நீளத்தைக் குதிகாலுலேருந்து கட்டைவிரல் வரை அளந்து, இஞ்சுல எழுதி அனுப்பு. எந்தக் கலரை விடுவாங்கன்னு உங்க சுபேதார் சாப் கிட்ட கேளு. ஆர்மி தபால் ஆபீஸ் விலாசம் 56 ஏ.பி.ஓ.ன்னு போட்டு உன் பேருக்கே பார்சல் அனுப்பலாமா, யூனிட் பேருக்கா? சுடுதண்ணியில துவைக்கக் கூடாது, சுருங்கிடும்னு பசங்க கிட்ட இப்பவே சொல்லி வை.

அம்மா மனசு நோகும்னு பாக்காத. வேணாம்னா வேணாம்னே எழுது. வாங்கின நூலுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில பொறக்குற குழந்தைங்க தலை இருக்கு.

அம்மா